ஃபைபர் போட்ல ட்ரோலிங் ராடு செட் பண்றது எப்படி: கடலூர், பாண்டி பக்கம் கடலுக்குப் போறவங்களுக்கு

கடலூர் ஓல்ட் டவுன்லேர்ந்தோ தேங்காய்த்திட்டுலேர்ந்தோ ஃபைபர் போட் பேசி எடுத்துக்கிட்டு வஞ்சிரம், சீலா, சூரை, பாறைனு ட்ரோலிங் (ஓடற போட்டுக்குப் பின்னாடி லூரை, அதாவது பொய் இரையை இழுத்துக்கிட்டே மீன் பிடிக்கறது) போறவங்க இப்ப நிறைய பேர் ஆயிட்டாங்க, ஆனா போறவங்கள்ல பாதிப் பேர் காசை எல்லாம் ராடுலயும் லூர்லயும் போட்டுட்டு அதை போட்ல எங்க சொருகுறது, எவ்வளவு நரம்பு (தூண்டில் நூல்) விடுறது, டிராக் (மீன் இழுக்கறப்ப நரம்பு எவ்வளவு பலத்துல நழுவணும்னு ரீல்ல வைக்கிற பிரேக்) எவ்வளவு வைக்கிறதுனு யோசிக்காமலே ஏறிடறாங்க. நான் அடிச்சு சொல்றேன், டிராக்கும் நரம்பு நீளமும் சரியா இருந்தா சாதாரண ராடுலயே மீன் ஏறும், அது ரெண்டும் தப்பா இருந்தா எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ராடா இருந்தாலும் மீன் அறுத்துக்கிட்டுதான் போகும். அதனால இதுல அந்த ரெண்டைப் பத்திதான் நிறைய சொல்லப் போறேன், ராடு ரீல் எது வாங்கணும்ங்கறதை சுருக்கமா முடிச்சிடறேன்.

ராடு ஆறு அடிக்கு அக்கம்பக்கத்துல, அஞ்சரைலேர்ந்து ஏழு அடிக்குள்ள இருந்தா போதும், 30லேர்ந்து 50 பவுண்டு நரம்புக்கு உள்ளதா பாத்துக்கோங்க. கரையிலேர்ந்து வீசுற பத்தடி ராடைக் கொண்டாந்து போட்ல சொருகாதீங்க, மீன் போட் ஓரத்துக்கு வந்தப்புறம் அந்த நீளத்தை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ரீல் ஓவர்ஹெட்டா இருந்தா நல்லது, அதுலயும் ஒரு பிடியைத் தள்ளி டிராக்கை மாத்தற லீவர் டிராக் இருந்தா ரொம்ப சௌகரியம், இல்லைனா நல்ல 8000 சைஸ் ஸ்பின்னிங் ரீலே போதும். நரம்பு குறைஞ்சது 300 மீட்டராவது ஏறணும், ஏன்னா பெரிய வஞ்சிரம் முதல் ஓட்டத்துலயே நூறு மீட்டரை சர்ருனு உருவிடும். பிரைடட், அதாவது பின்னல் நரம்பு போடறவங்க ஸ்பூல்ல நேரா பிரைடைக் கட்டாதீங்க, முதல்ல கொஞ்சம் மோனோ, அதாவது நம்ம தங்கூஸ் நரம்பு சுத்திட்டு அதுக்கு மேல பிரைட் ஏத்துங்க, இல்லைனா லோடு வந்ததும் பிரைட் மொத்தமா ஸ்பூல்லயே வழுக்கி சுத்தும், பாக்குறவங்க டிராக் வேலை செய்யலனு நினைச்சு அதை இறுக்கிக்கிட்டே இருப்பாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் மோனோதான் சொல்வேன், அது கொஞ்சம் இழுபடும், அந்த இழுபடுற குணமே மீன் அடிக்கிற அதிர்ச்சியை வாங்கிக்கும், வாய் கிழியாது.

பிரைட் வாங்கறதா இருந்தா பத்து மீட்டருக்கு ஒரு கலர் மாறுற பிரைடா வாங்குங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

லீடர் கட்டுறது

லீடர்னா மெயின் நரம்புக்கும் லூருக்கும் நடுவுல கட்டற பலமான துண்டு. வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் பல்லு பிளேடு மாதிரினு எல்லாருக்கும் தெரியும், அதனால முன்னாடி கம்பி இல்லாம போகாதீங்க. ஆனா ஒரு மீட்டர் கம்பி எல்லாம் வேணாம், லூர் ஆடாது, மீனுக்கும் கண்ணுல படும். முப்பதுலேர்ந்து அம்பது சென்டிமீட்டர் கம்பி போதும், அதுக்குப் பின்னாடி 60 இல்ல 80 பவுண்டு ஃப்ளோரோகார்பனோ தடி மோனோவோ ரெண்டு மூணு மீட்டர், அப்புறம் மெயின் நரம்பு.

ஒத்தைக் கம்பி போடறதா இருந்தா முடிச்சு விழாது, முறுக்கித்தான் கட்டணும். இதை வீட்டுல உக்காந்து பொறுமையா பண்ணுங்க. கம்பியை லூர் வளையத்துல விட்டு மடக்கிக்கோங்க, ரெண்டு கம்பியும் எக்ஸ் மாதிரி குறுக்க நிக்கணும், விரலால வளையத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கம்பியையும் சேர்த்து நாலு அஞ்சு முறுக்கு கொடுங்க. இங்கதான் கவனம் வேணும், ரெண்டு கம்பியும் ஒண்ணை ஒண்ணு சுத்தணும், ஒரு கம்பி நேரா நிக்க இன்னொண்ணு மட்டும் அதைச் சுத்தி இருந்தா லோடு வந்ததும் வழுக்கிடும். அதுக்கப்புறம் சின்னத் துண்டை மட்டும் நேர்குத்தா மடக்கி நெருக்கமா அஞ்சு சுத்து, ஸ்பிரிங் சுருள் மாதிரி ஒட்டி ஒட்டி வரணும். மிச்சம் இருக்கற நுனியை கட்டிங் பிளேயர் வெச்சு வெட்டாதீங்க, நுனியை ஒரு கைப்பிடி மாதிரி வளைச்சுக்கிட்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுங்க, அதுவே சுருளோட ஒட்டினாப்புல சுத்தமா ஒடிஞ்சுடும். பிளேயரால வெட்டினா ஊசி மாதிரி ஒரு முனை நிக்கும், மீன் ஏத்தறப்ப லீடரைக் கையில பிடிச்சீங்கன்னா உள்ளங்கையைக் கிழிச்சுடும்.

கம்பிக்கும் லீடருக்கும் நடுவுல போடற ஸ்விவல் (சுழலற இணைப்பு) சின்னதா, கறுப்புக் கலர்ல இருக்கட்டும். பளபளனு இருக்கற ஸ்விவலை வஞ்சிரம் குட்டி மீன்னு நினைச்சு அடிக்கும், அடிச்சா அங்கயே நரம்பு போச்சு. மெயின் நரம்புக்கும் லீடருக்கும் எஃப்.ஜி. முடிச்சு வந்தா அதான் சிறந்தது, வரலைனா டபுள் யூனி போடுங்க, தாராளமா தாங்கும். எந்த முடிச்சா இருந்தாலும் எச்சில் தடவி மெதுவா இறுக்குங்க, காஞ்ச நரம்பை சடக்குனு இழுத்தா சூடாகி அங்கயே பலம் குறைஞ்சுடும்.

லூரோட வர்ற மூணு முள்ளுத் தூண்டியைக் கழட்டிட்டு ஒத்தை முள் மாட்டிக்கிறது என்னோட பழக்கம். சில பேர் மீன் மிஸ் ஆகும்னு சொல்வாங்க, ஆனா ஒத்தை முள் நல்லா ஆழமா ஏறும், ஆடுற போட்ல மீன் துள்ளறப்ப யார் கையிலயும் ஏறாம இருக்கும். முப்பது அடி ஃபைபர் போட்ல நாலு பேரு, ஐஸ் பொட்டி, பெட்ரோல் கேன் எல்லாம் இருக்கறப்ப அது ரொம்ப முக்கியம்.

டிராக்கை கரையிலயே வையுங்க

இதை கடல்ல போய் பாத்துக்கலாம்னு விடாதீங்க. மார்க்கெட்ல காய் எடை போட தொங்கவிடற தராசு இருக்கே, ஸ்பிரிங் தராசோ டிஜிட்டலோ, அது ஒண்ணு போதும். ராடை ஹோல்டர்ல சொருகுங்க, இல்ல ஒரு ஆள் பிடிச்சுக்கட்டும், நரம்பை எல்லா வளையத்துலயும் விட்டு நுனியில ஒரு கண்ணி போட்டு தராசு கொக்கியில மாட்டுங்க, மாட்டிட்டு மீன் இழுக்கற மாதிரி ராடு நல்லா வளையற கோணத்துல நிதானமா இழுங்க. நரம்பு நழுவ ஆரம்பிக்கறப்ப தராசு என்ன காட்டுதோ அதான் உங்க டிராக். ரீல்லேர்ந்து நேரா இழுத்துப் பாத்தா குறைச்சலா காட்டும், வளையங்கள்ல உரசுறதும் சேரணும், அதனால ராடு வளைஞ்சுதான் பாக்கணும்.

எவ்வளவு வைக்கறதுன்னா நரம்போட பலத்துல கால் பங்கிலேர்ந்து மூணுல ஒரு பங்குக்குள்ள. 30 பவுண்டு நரம்புன்னா சுமார் பதிமூணரை கிலோ, அதுக்கு மூணரைலேர்ந்து நாலு கிலோ. 50 பவுண்டுன்னா இருபத்திரண்டரை கிலோவுக்கு மேல வரும், அதுக்கு ஆறு கிலோ தாராளம். வஞ்சிரத்துக்கு வாய் ஓரம் மெலிசு, அதனால நான் அதுலயும் குறைச்சலான பக்கமாதான் வைப்பேன். பிரைட் போட்டிருந்தா இன்னும் ஒரு அரை கிலோ குறைச்சுக்கோங்க, பிரைட் இழுபடாது.

இன்னொண்ணு இருக்கு, இது பல பேருக்கு தெரியறதில்ல. ஸ்பூல்ல நரம்பு குறையக் குறைய டிராக் தானா ஏறும். நிறைஞ்ச ஸ்பூலோட குறுக்களவு பாதியா குறைஞ்சா, நீங்க ஒண்ணுமே பண்ணாமலேயே டிராக் ரெண்டு மடங்காயிடும். அதாவது நாலு கிலோ வெச்சது மீன் தூரமா ஓடினப்புறம் எட்டு கிலோ. அந்த நேரத்துல தான் "ஓடுது ஓடுது, இறுக்கு இறுக்கு"னு பின்னாடிலேர்ந்து கத்துவாங்க, இவங்களும் இறுக்குவாங்க, பட்டுனு ஒரு சத்தம், முடிஞ்சது. மீன் ஓடறப்ப டிராக் பக்கம் கையே போகக் கூடாது. ரொம்ப தூரம் போயிடுச்சுன்னா லேசா தளர்த்தணுமே தவிர இறுக்கக் கூடாது.

லீவர் டிராக் ரீல்ல ஸ்ட்ரைக்னு ஒரு நிறுத்தம் இருக்கும், தராசு பாத்து அந்த இடத்துக்கு செட் பண்ணிட்டா கடல்ல கண்ணை மூடிக்கிட்டு அங்க தள்ளலாம். நட்சத்திர வடிவ சக்கரத்தைத் திருப்பற ஸ்டார் டிராக்கா இருந்தா செட் பண்ணதும் ஸ்டார்லயும் ரீல் உடம்புலயும் நேர்கோட்டுல ஒரு சின்னப் புள்ளி நெயில் பாலிஷால வெச்சுக்கோங்க, யாராவது திருப்பிட்டாலும் திரும்ப அங்க கொண்டு வந்துடலாம்.

போட்ல ராடு எங்க நிக்கணும்

நம்ம பக்கத்து ஃபைபர் போட் எல்லாம் வலை இழுக்கறதுக்கு கட்டினது, ராடு ஹோல்டர் வெச்சு வராது. ஓட்டை போட்டு ஹோல்டர் பதிக்கணும்னா போட்டுக்காரர்கிட்ட முதல்லயே கேளுங்க, "அண்ணே, இந்த விளிம்புல ரெண்டு ஹோல்டர் போல்ட் போட்டு இறக்கிக்கலாமா, அடியில பலகை வெச்சு டைட் பண்ணிடறேன்"னு சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அடியில மரைன் பிளைவுட்டோ எஸ்.எஸ். தகடோ வெச்சு போல்ட் நட்டு போடணும், வெறும் ஸ்க்ரூ முடுக்கினா ஃபைபர்ல நிக்காது, ஒரு பெரிய பாறை மீன் அடிச்சா ஹோல்டரும் ராடும் சேர்ந்தே கடலுக்குள்ள போயிடும். எஸ்.எஸ்.ல 316 கிரேடா கேட்டு வாங்குங்க, 304 நம்ம உப்புக்காத்துல சீக்கிரமே துரு புள்ளி விட்டுடும்.

ஓட்டை போட வேணாம்னா பி.வி.சி. பைப் போதும். ஹார்டுவேர் கடைக்கு ராடையே எடுத்துட்டுப் போய் அடிப்பக்கத்தை உள்ள விட்டுப் பாத்து, லேசா இடைவெளியோட உக்கார்ற கனமான பிரஷர் பைப்பா ஒண்ணரை அடி நீளத்துக்கு வாங்குங்க. மேல் நுனியில ரீல் கால் உக்கார்ற மாதிரி யு வடிவத்துல ஒரு வெட்டு, விளிம்பை ஹீட் கன்ல லேசா சூடு பண்ணி வெளிப்பக்கமா விரிச்சு மழமழனு தேச்சுக்கோங்க. அடியிலேர்ந்து மூணு விரல் உயரத்துல குறுக்க ஒரு எஸ்.எஸ். போல்ட் போடுங்க, ட்ரோலிங் ராடோட அடியில ப்ளஸ் மாதிரி வெட்டு இருக்கும் இல்லையா, அது இந்த போல்ட்ல போய் உக்காந்துடும், ராடு சுத்தாது. இது ரொம்ப முக்கியம், ஓவர்ஹெட் ரீல் ராடுக்கு மேல உக்கார்றதால மீன் அடிச்சதும் ராடு சுத்திக்கிட்டு ரீல் கீழ பாக்கும். பைப்பை குறுக்குப் பலகையோட ரெண்டு இடத்துல, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நல்ல நைலான் கயித்தால கட்டணும் இல்ல எஸ்.எஸ். கிளாம்ப் போடணும். ஒரே இடத்துல கட்டினா ஆடும். வெயில்ல பி.வி.சி. நாளாக நாளாக மொறுமொறுனு ஆயிடும், சீசனுக்கு ஒரு தடவை மாத்திடுங்க, விலை ஒண்ணும் பெரிசில்ல.

கட்டி முடிச்சதும் ராடை சொருகி நரம்பைப் பிடிச்சு ஒரு ஆள் பலமா பின்னாடி இழுத்துப் பாருங்க. அசைஞ்சா திரும்ப கட்டுங்க. அதுக்கும் மேல ஒவ்வொரு ரீலுக்கும் ஒரு பாதுகாப்புக் கயிறு போட்டு போட்ல கட்டிடுங்க.

இப்ப எந்த இடம்? வால் மாதிரி நீட்டு ஷாஃப்ட் இருக்கற டீசல் இன்ஜின் போட்டா இருந்தா புரொபெல்லர் போட்டுக்குப் பின்னாடி நல்லா தள்ளி தண்ணிக்குள்ள இருக்கும், ஓட்டறவர் அதை இடம் வலம்னு வீசி வீசிதான் திருப்புவார். அதனால நடுப் பின்பக்கத்துல ராடே வைக்கக் கூடாது, நேரா புரொபெல்லர்ல போய் சுத்தும். பின்பக்கத்துலேர்ந்து ஒரு எட்டு முன்னாடி தள்ளி, ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு, முப்பது டிகிரி சாய்ச்சு வெளிப்பக்கமா பாக்கற மாதிரி. அது கிட்ட நரம்பு ராடுங்க. அதுக்கு இன்னும் முன்னாடி, போட் நடுப்பகுதில, இன்னும் ரெண்டு ராடை கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்துல, கடலைப் பாத்து நேர் பக்கவாட்டுல நீட்டி வையுங்க, இது தூர நரம்பு ராடுங்க. இப்படி வெச்சா நாலு நரம்புக்கும் நடுவுல நல்ல அகலம் கிடைக்கும். அவுட்போர்டு இன்ஜினா இருந்தா பின் மூலைகள்லயே வைக்கலாம், ஆனா ஓட்டறவர் கை திருப்பற பக்கத்துல அவருக்கு இடம் விட்டு வையுங்க.

நாலுக்கு மேல வேணவே வேணாம். முதல் தடவை போறவங்க ரெண்டே ராடு போடுங்க. ஆறு ராடு வெச்சா ஆறு மீன் கிடைக்காது, ஒரே சிக்குதான் கிடைக்கும்.

நரம்பு எவ்வளவு விடறது

எல்லா நரம்பும் ஒரே நீளத்துல இருக்கக் கூடாது, இதான் அடிப்படை. ஆழமா முங்கற லூர் கிட்டயும் உள்பக்கத்துலயும், மேலாக ஓடற லூர் தூரத்துலயும் வெளிப்பக்கத்துலயும். அப்படி இருந்தா திரும்பறப்ப தூர நரம்பு கிட்ட நரம்புக்கு மேலால போயிடும், சிக்காது. நான் வைக்கற கணக்கு இது: கிட்ட ராடு ஒண்ணு 20 மீட்டர், இன்னொண்ணு 30 மீட்டர், தூர ராடு ஒண்ணு 45, இன்னொண்ணு 55. கலர் மாறுற பிரைடா இருந்தா ரெண்டு கலர், மூணு கலர், நாலரை, அஞ்சரைனு எண்ணி விட்டா போச்சு. மோனோவா இருந்தா தேவனாம்பட்டினம் பீச்லயே டேப் பிடிச்சு அளந்து, அந்த இடத்துல மெலிசான தையல் நூலை பத்து பன்னண்டு சுத்து இறுக்கிச் சுத்தி ஒரு சொட்டு பசை வெச்சுடுங்க, ராத்திரியில கூட விரல்ல தட்டுப்படும்.

ஏன் இவ்வளவு கறாரா அளக்கச் சொல்றேன்னா, ஒரு நீளத்துல மீன் அடிச்சா அடுத்த தடவையும் அதே நீளத்துக்கு அந்த லூரை விடணும். அளக்காம விட்டவங்களுக்கு எந்த தூரத்துல அடிச்சதுனே தெரியாது, அன்னிக்கு மீன் நிக்கற இடத்தை கையில வெச்சுக்கிட்டு தொலைச்ச மாதிரி ஆயிடும்.

விடறப்ப போட் மெதுவா நேரா ஓடணும். தூர நரம்பை முதல்ல, கிட்ட நரம்பைக் கடைசில. எடுக்கறப்ப அப்படியே தலைகீழ், கிட்ட உள்ளதை முதல்ல. லூரைத் தண்ணில போட்டதும் விடாதீங்க, போட் ஓரத்துலயே ரெண்டு பாகம் (ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) நரம்புல ஓட விட்டு ஆட்டம் சரியா இருக்கானு பாருங்க. ஒரு பக்கமா சாய்ஞ்சு போச்சுன்னா மூக்கு வளையத்தை பிளேயரால எதிர்ப்பக்கம் தொட்டும் தொடாமலும் வளைங்க, பின்னாடிலேர்ந்து பாக்கறப்ப இடது பக்கம் ஓடினா வளையத்தை வலது பக்கம். கால் மில்லிமீட்டர் வளைச்சாலே போதும். சரியானதும் ஸ்பூலை ஃப்ரீ பண்ணி கட்டைவிரலை லேசா அழுத்திக்கிட்டே விடுங்க, கட்டைவிரலை எடுத்துட்டா ஸ்பூல் வேகமா சுத்தி உள்ள கூடு கட்டிடும். அளவு வந்ததும் லீவரை ஸ்ட்ரைக்குக்குத் தள்ளி, நரம்பு ஓடினா சத்தம் போடற கிளிக்கரைப் போட்டுடுங்க. கிர்ர்ர்னு அந்த சத்தம் கேக்கறதுக்குத்தான் எல்லாரும் விடியக்காலைல எழுந்து வர்றோம்.

காத்து பலமா இருந்தா உயரத்துல இருக்கற ராடு நரம்பு காத்துல வில்லா வளைஞ்சு பக்கத்து நரம்பு மேல விழும். அதுக்கு ஒரு வழி இருக்கு, ராடு முனைக்கும் தண்ணிக்கும் நடுவுல நரம்பை ஒரு ரப்பர் பேண்டால ரெண்டு சுத்து சுத்தி, அந்த ரப்பர் பேண்டை போட் விளிம்புல தாழ்வா ஒரு கொக்கில மாட்டுங்க. நரம்பு தண்ணியை ஒட்டியே போகும், மீன் அடிச்சதும் ரப்பர் அறுந்து நேரா ராடுக்கு வந்துடும். கிட்ட நரம்புக்கு இது ரொம்ப நல்லா வேலை செய்யும், லூரும் மேல எகிறாது.

லூர்னு பாத்தா ரெண்டு ஆழ லூர், ரெண்டு மேல் லூர் போதும். ரபாலா எக்ஸ்ராப் மேக்னம்ல 10, 15, 20, 30னு நம்பர் இருக்கும், அது எத்தனை அடி முங்கும்ங்கறதுதான், அதனால கிட்ட ராடுல 20ம் 30ம், தூர ராடுல 10 இல்ல ஸ்கர்ட் (குஞ்சம் தொங்கற லூர்). நரம்பு மெலிசா இருந்தா இன்னும் ஆழமா போகும், தடியா இருந்தா மேலயே நிக்கும், அதையும் கணக்குல வையுங்க. கோலா மீன் ஓடற காலத்துல மேல் லூருக்குத்தான் மவுசு, கோலாவைத் துரத்திக்கிட்டு மயில் மீன் மேலயே சுத்தும். செத்த முரலைக் கட்டி இழுக்கறதா இருந்தா வேகத்தை மூணு நாலு நாட்டுக்குக் குறைச்சுடணும்.

வேகமும் திருப்பமும்

வாய் (முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கற சின்னத் தகடு) வெச்ச லூருக்கு அஞ்சுலேர்ந்து ஏழு நாட், அதாவது போன்ல ஜி.பி.எஸ். ஆப் பாத்தீங்கன்னா மணிக்கு 9லேர்ந்து 13 கிலோமீட்டர். ஸ்கர்ட் மட்டும்னா இன்னும் கொஞ்சம் கூட்டலாம். ஆனா ஜி.பி.எஸ். காட்டறது தரையைப் பொறுத்த வேகம், லூருக்குத் தெரியறது தண்ணி வேகம். நீவாட்டுக்கு, அதாவது கடல் நீரோட்டத்துக்கு எதிரா போறப்ப ஜி.பி.எஸ். குறைச்சலா காட்டும், லூர் நல்ல வேகத்துல ஓடிக்கிட்டிருக்கும், நீவாட்டோட போறப்ப அப்படியே மாறும். அதனால நம்பரை நம்பறதை விட ராடு நுனியைப் பாருங்க. ஆழ லூர் சரியா ஓடினா நுனி படபடபடனு ஒரே சீரா துடிச்சுக்கிட்டே இருக்கும். துடிப்பு நின்னு நுனி சும்மா வளைஞ்சிருந்தா குப்பை மாட்டிருக்குனு அர்த்தம், உடனே சுத்தி எடுத்துடுங்க. மழை பேஞ்சு பெண்ணையாத்துலயும் கெடிலத்துலயும் தண்ணி வந்த வாரத்துல ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் கடல்ல ரொம்ப தூரத்துக்கு மிதக்கும், அப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நுனியைப் பாத்துக்கிட்டே இருக்கணும். அதே நேரத்துல கலங்கல் தண்ணியும் நீலத் தண்ணியும் சேர்ற கோடு ஒண்ணு தெளிவா தெரியும், அந்தக் கோட்டை ஒட்டி நீலப் பக்கமா ஓட்டுங்க, வஞ்சிரம் அங்கதான் வேட்டையாடும்.

திருப்பறதுல பொறுமை வேணும். வீராம்பட்டினம் ஆடித் தேர் மூலை திரும்பறப்ப பாத்திருப்பீங்க, வெளிப்பக்கம் வடம் பிடிச்சவங்க ஓடணும், உள்பக்கம் பிடிச்சவங்க நின்ன இடத்துலயே நிப்பாங்க. போட் திரும்பறப்ப நரம்புங்களுக்கும் அதே கதைதான், வெளிப்பக்க லூர் வேகமாகி மேல ஏறும், உள்பக்க லூர் மெதுவாகி இறங்கும். மேல மிதக்கற லூரா இருந்தா பரவால்ல, ஸ்கர்ட்டா இருந்தா மூழ்கி மத்த நரம்புக்கு அடியில போய் சிக்கும். அதனால பெரிய வட்டமா, அவசரமில்லாம திருப்பச் சொல்லுங்க. ஓட்டறவர்கிட்ட கரையிலயே பேசிடுங்க, "அண்ணே, பின்னாடி அம்பது மீட்டர் நரம்பு இருக்கு, சட்டுனு ஒடிச்சிடாதீங்க"னு. அவங்களுக்கு கடல் நம்மள விட நூறு மடங்கு தெரியும், ஆனா நம்ம நரம்பு எங்க இருக்குனு நாமதான் சொல்லணும். திருப்பத்துல எந்தப் பக்கத்து ராடு அடிக்குதுனும் பாருங்க, உள்பக்கம் அடிச்சா மீனுக்கு இன்னிக்கு மெதுவா வேணும், வெளிப்பக்கம் அடிச்சா வேகமா வேணும்.

ஆலாப் பறவைக் கூட்டம் தண்ணில விழுந்து விழுந்து எழுந்தா அதுக்கு நடுவுல போட்டை விடாதீங்க. சூரைக் கூட்டம் அப்படியே முங்கிடும். ஓரமா சுத்தி வந்து நம்ம லூர் மட்டும் கூட்டத்தோட விளிம்புல போற மாதிரி ஓட்டணும்.

வலை கிடக்கற இடத்தை விட்டு விலகியே ஓட்டுங்க, கொடியும் மிதவையும் ஒரு முனையில தான் தெரியும், வலை அங்கிருந்து வெகுதூரம் போகும். ஒருத்தர் பொழைப்பு அது, நம்ம முள் அதைக் கிழிச்சா அவங்களுக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் நம்ம கரையில ஆமை முட்டை போட வர்ற காலம், மேல மிதக்கற ஆமையைப் பாத்தா நரம்பைச் சுத்தி உள்ள எடுத்துக்கிட்டு விலகிடுங்க.

மீன் அடிச்சதும்

ராடு வளைஞ்சு ரீல் கத்தினதும் எல்லாரும் "நிறுத்து நிறுத்து"னு கத்துவாங்க, நிறுத்தக் கூடாது. நாலஞ்சு செகண்டு அதே வேகத்துல போனா முள் நல்லா ஏறும், பக்கத்து லூர்லயும் இன்னொண்ணு அடிக்க வாய்ப்பிருக்கு, வஞ்சிரம் ஜோடியா திரியறது உண்டு. அதுக்கப்புறம் மெதுவா வேகத்தைக் குறைக்கணும். ஒருத்தர் மீன் ராடு, மத்தவங்க மத்த ராடுங்களை மளமளனு சுத்தி எடுத்துடணும், கிட்டது முதல்ல. ராடை ஹோல்டர்லேர்ந்து உருவறப்ப முனையைத் தாழ்த்திடாதீங்க, நரம்பு தொய்ஞ்சா முள் கழண்டுடும். ஓட்டறவர் இன்ஜினை நியூட்ரல்ல போட்டுட்டு சும்மா இருக்காம, மீன் எந்த ஓரத்துல வருதோ அந்த ஓரத்துலயே இருக்கற மாதிரி போட்டை லேசா நகர்த்திக் கொடுக்கணும், வால் ஷாஃப்ட்டா இருந்தா அதை தண்ணியை விட்டு தூக்கிடறது நல்லது.

போட் ஓரத்துக்கு வந்ததும் மீன் நம்மளைப் பாத்து இன்னொரு ஓட்டம் ஓடும், பாதி மீன் போறது அங்கதான், அதுக்கு ஒரு கை தயாரா இருக்கட்டும். லீடரைக் கையில சுத்திக்காதீங்க, பிடிக்கணும், சுத்தக் கூடாது. மீனைத் தூக்கற கம்புக் கொக்கியை முதுகுப் பக்கமா தலைக்குப் பின்னாடி போட்டு ஒரே இழுப்பா உள்ள கொண்டு வாங்க. செவுளை அறுத்து ரத்தம் வடிய விட்டு உடனே ஐஸ்ல புதைச்சா வஞ்சிரம் சதை சாயங்காலம் வரைக்கும் வெள்ளையா, விறைப்பா இருக்கும். வேணாத மீனை, சின்னதை, தண்ணிக்குள்ளயே முள் கழட்டி விட்டுடுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி

முகத்துவாரத்துல மணல் மேடு இருக்கும், அலை ஒடியும், அந்த இடத்தைத் தாண்டற வரைக்கும் ராடு எல்லாம் உள்ள படுத்திருக்கட்டும், லூர் கழட்டி பொட்டில இருக்கட்டும், எல்லார் உடம்புலயும் லைஃப் ஜாக்கெட் இருக்கட்டும். வெளிய போனப்புறம்தான் ராடை நிறுத்தணும். வானிலை மையமும், கடல் நிலவரம் சொல்ற இன்காய்ஸும் (INCOIS) போடற காத்து, அலை எச்சரிக்கையை முந்தின நாள் சாயங்காலமும் காலைலயும் பாருங்க, துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியிருந்தா பேச்சே இல்ல. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் நம்ம பக்கம் எப்படினு தானே புயலையும் ஃபெஞ்சலையும் பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அந்த நேரத்துல எந்த மாதிரி போட் போகலாம்னு மீன்வளத்துறை ஆபீஸ்ல கேக்காம யாரும் கிளம்பாதீங்க. கோஸ்ட் கார்டு அவசர நம்பர் 1554, எல்லார் போன்லயும் இருக்கணும்.

திரும்பி வந்ததும் ராடு, ரீல், லூர் எல்லாத்தையும் நல்ல தண்ணில, பீச்சி அடிக்காம, பூ வாளி மாதிரி மெதுவா ஊத்திக் கழுவுங்க, வேகமா அடிச்சா உப்பு ரீலுக்கு உள்ளதான் போகும். கழுவறப்ப டிராக் இறுக்கி இருக்கட்டும், காஞ்சதும் முழுசா தளர்த்தி வையுங்க, லீவர் ரீலா இருந்தா ஃப்ரீக்குத் தள்ளிடுங்க. இறுக்கினபடியே மாசக்கணக்குல விட்டா உள்ள இருக்கற வாஷர் அமுங்கிப் போய் அடுத்த தடவை டிராக் விட்டு விட்டுப் பிடிக்கும். கடைசி பத்து மீட்டர் நரம்பை விரல் நடுவுல விட்டு உருவிப் பாருங்க, எங்கயாவது சொரசொரனு தட்டினா யோசிக்காம வெட்டிட்டு லீடரைப் புதுசா கட்டுங்க.